டிவி சிக்னலிலிருந்து கணினிக்கு நேரம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை தேர்ந்தெடுத்த கேள்விகள் எல்லாம் ஒரே பொருளைச் சுற்றியவை. இணையம் இல்லாத இடத்தில், டிவி ஒளிபரப்போடு சேர்ந்து வரும் நேரத் தகவலைக் கொண்டு கணினியின் கடிகாரத்தைச் சரிசெய்வது எப்படி?

கேள்வி (மதுரை மாவட்டம்): எங்கள் பள்ளிக் கணினி அறையில் இணையம் கிடையாது. மின்சாரம் போய் வந்தால் சில கணினிகளில் தேதி பல வருஷம் பின்னால் போய்விடுகிறது. மாடியில் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. அதிலிருந்து நேரம் எடுக்க முடியுமா?

பதில்: முடியும். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. தேதி பின்னால் போகும் கணினிகளைத் திறந்து, மதர்போர்டில் காசு மாதிரி இருக்கும் சிஆர்2032 செல்லைக் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள். புதிய செல் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலேயே காட்டும். 2.7-க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். செல் செத்த கணினிக்கு எவ்வளவு துல்லியமான நேரம் கொடுத்தாலும் அடுத்த மின்வெட்டோடு அது போய்விடும்.

இனி சிக்னலுக்கு வருவோம். ஃப்ரீ டிஷ் ஒளிபரப்பு, கிழக்கு 93.5 டிகிரியில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் வழியாக டிவிபி என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறையில் வருகிறது. படம், ஒலி, நிகழ்ச்சிப் பட்டியல் எல்லாம் 188 பைட் கொண்ட சிறு பொட்டலங்களாக வெட்டி அனுப்பப்படும். ஒவ்வொரு பொட்டலத்திலும் அது எந்த வகை என்று சொல்லும் ஓர் எண் உண்டு. அதில் எண் 20 நேரத்துக்கு உரியது. டிவிபி விதிப்படி, 30 வினாடிக்கு ஒருமுறையாவது தேதியும் நேரமும் அந்த எண்ணில் வந்தாக வேண்டும். செட்-டாப் பாக்ஸ் திரையில் காட்டும் மணி பெரும்பாலும் இங்கிருந்து எடுத்ததுதான்.

ஆனால் செட்-டாப் பாக்ஸிலிருந்து இந்தத் தகவலைக் கணினிக்கு இழுக்க வழியில்லை. எச்டிஎம்ஐ கம்பியில் படமும் ஒலியும்தான் வரும். டிஷ் சிக்னலைக் கணினிக்குள் கொண்டுவரும் டிவிபி-எஸ்2 ட்யூனர் ஒன்று தேவை, யூஎஸ்பி வகையானாலும் சரி, கார்டு வகையானாலும் சரி. வாங்கும்போது லினக்ஸ் கெர்னலில் அதற்கு டிரைவர் இருக்கிறதா என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். விண்டோஸுக்கு மட்டுமே டிரைவர் வரும் மலிவான பெட்டிகள் இந்த வேலைக்கு உதவாது.

கம்பி இழுக்கும்போது கவனம் வேண்டும். பாக்ஸும் ட்யூனரும் டிஷ்ஷின் முன்னால் சிக்னலைப் பிடிக்கும் எல்என்பி என்ற கருவிக்கு 13 அல்லது 18 வோல்ட் அனுப்பித்தான் அலையின் அதிர்வுத் திசையைத் தேர்வு செய்கின்றன. சாதாரண ஸ்ப்ளிட்டர் போட்டு இரண்டையும் ஒரே கம்பியில் கட்டினால் ஒன்று 13 கேட்கும், மற்றது 18 கேட்கும், இரண்டும் தடுமாறும். இரண்டு வெளிவாய் உள்ள எல்என்பி போட்டு ட்யூனருக்குத் தனிக் கம்பி இழுப்பதே நல்லது.

அறையில் இருபது கணினி இருந்தாலும் ட்யூனர் ஒன்றே போதும். ட்யூனர் உள்ள லினக்ஸ் கணினியில் டிஷ்ஷிலிருந்து நேரம் வைத்த பிறகு மற்றக் கணினிகளுக்கு நேரம் கொடுக்கும் க்ரோனி என்ற நிரலை ஓட்டி, அதன் அமைப்புக் கோப்பில் "லோக்கல் ஸ்ட்ராட்டம் 10" என்ற வரியையும் உங்கள் அறை நெட்வொர்க்கை அனுமதிக்கும் "அலவ்" வரியையும் சேருங்கள். மற்ற கணினிகளில் நேர சர்வர் என்ற இடத்தில் இந்தக் கணினியின் ஐபி எண்ணைக் கொடுத்தால் போதும், அவை இதனிடம் கேட்டுக்கொள்ளும்.

கேள்வி (திருச்சி): ட்யூனர் வாங்கி மாட்டிவிட்டேன். லினக்ஸில் என்ன வரிசையில் செய்ய வேண்டும்?

பதில்: டிவிபி கருவிகள் தொகுப்பில் டிவிபிடேட் என்று ஒரு சிறு நிரல் உண்டு. அது ட்யூனரை எந்த அலைவரிசைக்கும் திருப்பாது, ஏற்கெனவே பூட்டிய சிக்னலில் எண் 20-ஐ மட்டும் படிக்கும். பலர் இடறுவது இங்கேதான். நிரலை நேராக ஓட்டிவிட்டு, ஒன்றும் வராமல் நின்றதும் ட்யூனர் பழுது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். முதலில் ஒரு டெர்மினலில் ஸாப் வகை நிரலால் ஒரு சேனலைப் பிடித்து, "லாக்" என்று வந்ததும் அதை அப்படியே ஓடவிடுங்கள். இரண்டாவது டெர்மினலில் டிவிபிடேட்டை "பிரிண்ட்" தேர்வோடு ஓட்டுங்கள். நேரத்தை மாற்றாமல் காட்ட மட்டும் செய்யும். காத்திருக்கும் நேரத்தை 60 வினாடி என்று கொடுங்கள். தகவலே 30 வினாடிக்கு ஒருமுறை வரலாம் என்பதால், அதற்குக் குறைவாக வைத்தால் வருவதற்கு முன்பே நிரல் கைவிட்டுவிடும்.

கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று முறை ஓட்டி, மூன்றும் முறையாக முன்னேறினால் மட்டும் ரூட் (நிர்வாகி) அனுமதியோடு "செட்" தேர்வைக் கொடுங்கள். கணினியின் நேரம் ஏற்கெனவே வெகுதூரம் விலகியிருந்தால் நிரல் மறுக்கும். தவறான சிக்னலை நம்பி நல்ல கடிகாரத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த தடை அது. செல் செத்துத் தேதியே போன கணினியில் மட்டும் "ஃபோர்ஸ்" சேருங்கள். அதைத் தானாக ஓடும் ஸ்கிரிப்டில் நிரந்தரமாக எழுதி வைக்காதீர்கள்.

கடைசியாக, வைத்த நேரத்தை மதர்போர்டுக் கடிகாரத்துக்கும் எழுத வேண்டும். ஹெச்டபிள்யூகிளாக் கட்டளையில் "சிஸ்டோஹெச்சி" தேர்வு அதைச் செய்யும். இதை விட்டுவிட்டால் அணைத்துப் போட்டதும் பழைய பிழையோடே திரும்ப எழும்.

கேள்வி (கோயம்புத்தூர்): கேபிள் இணைப்பில் டிவிபி-சி ட்யூனர் வைத்துப் பார்த்தேன். சரியாக ஐந்தரை மணி நேரம் முன்னால் காட்டுகிறது. என் நிரலில் பிழையா?

பதில்: வித்தியாசம் அச்சாக 5 மணி 30 நிமிடம் என்றால் நேரமண்டலக் குழப்பம்தான். டிவிபி விதிப்படி எண் 20-இல் வர வேண்டியது யூடிசி என்ற உலகப் பொது நேரம். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். உள்ளூர் கட்டுப்பாட்டு அறையில் யாரோ, சேனல்களை ஒன்றாகச் சேர்க்கும் மல்டிபிளெக்சர் கருவியின் கடிகாரத்தை இந்திய நேரத்துக்கே வைத்துவிட்டால், அது யூடிசி என்ற பெயரில் வெளியே போகும். உங்கள் கணினி அதன்மேல் இன்னொரு ஐந்தரை மணியைக் கூட்டிக்கொள்ளும். செட்-டாப் பாக்ஸில் நேர வித்தியாசத்தைப் பூஜ்யம் என்று வைத்திருந்தால் திரையில் மணி சரியாகவே தெரியும் என்பதால் யாரும் புகார் செய்வதில்லை.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. அதே எண் 20-இல் இரண்டு வகை அட்டவணை வரலாம். வகை 112 நேரத்தை மட்டும் சொல்லும். வகை 115 அதோடு நாட்டுக் குறியீட்டையும், உள்ளூர் நேரம் யூடிசியிலிருந்து எவ்வளவு விலகியது என்பதையும் சொல்லும். 115 வந்து அதில் விலகல் 0530 என்று இருந்தும் அடிப்படை நேரமே ஐந்தரை மணி முன்னால் நின்றால், தவறு அனுப்பும் இடத்தில். உங்கள் ஸ்கிரிப்டில் 19,800 வினாடியைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் ஒருநாள் அதைச் சரிசெய்துவிட்டால் நீங்கள் ஐந்தரை மணி பின்தங்கிவிடுவீர்கள். ஆகவே கழிப்பதற்கு முன், வித்தியாசம் 19,800-க்கு ஒரு நிமிடம் முன்பின்னாக இருக்கிறதா என்று நிரலே பார்க்கட்டும்.

இன்னொரு காரணமும் இதே ஐந்தரை மணியைக் காட்டும். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால், விண்டோஸ் மதர்போர்டுக் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதும், லினக்ஸ் வழக்கமாக யூடிசியை எழுதும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் நேரம் தாவும். டிவி சிக்னலைக் குறை சொல்லும் முன் இதைப் பாருங்கள்.

கேள்வி (சேலம்): டிவியிலிருந்து எடுக்கும் நேரம் எவ்வளவு துல்லியம்? சிசிடிவி பதிவுகளுக்கு இதை நம்பலாமா?

பதில்: நன்றாக அமைந்தால் ஒரு வினாடிக்குள். அமையாவிட்டால் எத்தனை நிமிடமும் விலகியிருக்கலாம். சிக்னலில் நேரம் முழு வினாடியாகவே வருகிறது, பின்னம் கிடையாது. 12:00:05 என்று எழுதிய பொட்டலம் அந்த வினாடியின் தொடக்கத்திலும் வரலாம், முடிவிலும் வரலாம். அதோடு பயண நேரம் சேரும். புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பதால், ஏறி இறங்கவே கால் வினாடி ஆகிவிடும். கம்பிவழி கேபிளில் அந்தத் தாமதம் இல்லை என்றாலும், உள்ளூர் நிலையம் மேலிருந்து வரும் நேரத்தை அப்படியே கடத்துகிறதா, தன் கருவியின் நேரத்தைப் புதிதாகப் பதிக்கிறதா என்பது வெளியிலிருந்து தெரியாது.

முக்கியமான கேள்வி அதுதான்: அந்த நேரத்தைப் பதித்த கருவி தன் நேரத்தை எங்கிருந்து எடுத்தது? ஜிபிஎஸ்ஸோடு கட்டிய நிலையம் என்றால் நீங்கள் பெறுவது நல்ல நேரம். யாரோ ஆறு மாதத்துக்கு முன் கையால் வைத்துவிட்டுப் போன கருவி என்றால், அதன் படிகம் ஓடிய ஓட்டத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறீர்கள். சாதாரணக் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு விலகினாலே நாளுக்கு 1.7 வினாடி, ஆறு மாதத்தில் ஐந்து நிமிடம். செயற்கைக்கோளில் ஒவ்வோர் அலைவரிசையையும் கையாளும் டிரான்ஸ்பாண்டருக்கு டிரான்ஸ்பாண்டர் கூட நேரம் மாறலாம். அதனால் எப்போதும் ஒரே டிரான்ஸ்பாண்டரையே கேளுங்கள்.

அளந்து பார்ப்பது கடினமில்லை. சரியான நேரம் உள்ள மடிக்கணினியை, கைபேசி இணையத்தில் என்டிபி (இணைய வழி நேரம் எடுக்கும் முறை) ஓட்டியதானாலும் போதும், ஒரு மணி நேரம் ட்யூனரோடு ஓடவிடுங்கள். ஒவ்வொரு நேரப் பொட்டலம் வரும்போதும் மடிக்கணினி நேரத்திலிருந்து டிவி நேரத்தைக் கழித்து எழுதுங்கள். நூறு அளவுக்கு மேல் கிடைக்கும். சராசரி எடுக்காதீர்கள். வித்தியாசங்கள் 0.3-இலிருந்து 1.3 வரை பரவிக் கிடந்தால், அனுப்புபவர் வினாடியின் பின்னத்தை வெட்டிவிட்டு இடையில் எப்போதாவது அனுப்புகிறார் என்று பொருள். அப்போது மிகச் சிறிய வித்தியாசமே உண்மையான தாமதம். பரவல் சில பத்து மில்லிவினாடிதான் என்றால் அவர் வினாடி எல்லையிலேயே அனுப்புகிறார், அதிர்ஷ்டம். எப்படியானாலும் அந்தத் தாமதத்தை நிலையான திருத்தமாக வைத்துக்கொள்ளலாம்.

சிசிடிவிக்கு ஒரு வினாடித் துல்லியம் பெரும்பாலும் போதும். ஆனால் இரண்டு இடத்துக் கேமராப் பதிவுகளைச் சட்டத் தேவைக்காக ஒப்பிட நேரும் என்றால் ஜிபிஎஸ் ரிசீவர் வாங்குங்கள். மொட்டைமாடியில் ஆன்டெனா வைக்க இடம் இருக்கும்போது, பொறுப்பான வேலைக்கு டிவி நேரத்தை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

கேள்வி (ஈரோடு, பொறியியல் மாணவி): நானே நிரல் எழுதி அந்தப் பொட்டலத்தைப் பிரிக்க விரும்புகிறேன். உள்ளே என்ன இருக்கிறது?

பதில்: எட்டே பைட். இதைவிட எளிய அட்டவணை டிவிபியில் வேறில்லை. முதல் பைட் 112. அடுத்த இரண்டில் நீளம் முதலியவை, நீளம் 5. கடைசி ஐந்து பைட்தான் நேரம். அதில் முதல் இரண்டு தேதி, மிச்சம் மூன்றும் மணி, நிமிடம், வினாடி.

தேதி, மாற்றிய ஜூலியன் நாள் எண்ணில் வரும். 1858 நவம்பர் 17 அதில் நாள் 0. யூனிக்ஸ் தொடக்கமான 1970 ஜனவரி 1 நாள் 40,587. ஓர் எடுத்துக்காட்டு: ஐந்து பைட்டும் 238, 113, 6, 48, 0 என்று வந்தால், 238-ஐ 256-ஆல் பெருக்கி 113 கூட்டுங்கள், 61,041. அதிலிருந்து 40,587 போனால் 20,454 நாள், அதாவது 2026 ஜனவரி 1. நேரம் 6, 48, 0 என்பது 6 மணி 48 நிமிடம் இல்லை! ஒவ்வொரு பைட்டும் இரண்டு தசம இலக்கங்களை நாலு நாலு பிட்டாக வைத்திருக்கிறது. 48-ஐ 16-ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 0, ஆகவே 30 நிமிடம். 06:30:00 யூடிசி, நமக்கு நண்பகல் 12. யூனிக்ஸ் எண்ணில் (1970 ஜனவரி 1 முதல் எண்ணிய வினாடிகள்) 20,454 × 86,400 + 23,400 = 1,76,72,49,000. உங்கள் நிரல் இந்த விடையைத் தந்தால் அடிப்படை சரி.

வகை 112-க்குப் பிழைச் சரிபார்ப்பு எண் கிடையாது. மழையில் சிக்னல் தேயும்போது ஒரு பிட் புரண்டாலும் மணி மாறிவிடும், நிரலுக்குத் தெரியாது. 115-இன் முடிவில் நாலு பைட் சரிபார்ப்பு எண் உண்டு. இரண்டும் வந்தால் 115-ஐ நம்புங்கள். 112 மட்டும் வந்தால், அடுத்தடுத்த இரண்டு அளவுகளுக்கு இடையே கணினி உணர்ந்த வினாடிகளும் பொட்டலம் சொல்லும் வினாடிகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள். எண் 9-க்கு மேல் போகும் இலக்கம், 59-க்கு மேல் போகும் நிமிடம் எல்லாம் வந்த உடனே தள்ள வேண்டியவை.

எந்தக் கட்டணச் சேனலும் இதற்கு வேண்டாம். படம் பூட்டியிருந்தாலும் நேர அட்டவணை திறந்தே வரும்.

கேள்வி (சிங்கப்பூர்): ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியில் டிவி ஹேட் என்ற ட்யூனர் பலகை மாட்டி, டிவிஹெட்எண்ட் என்ற டிவி சர்வர் நிரலை ஓட்டுகிறேன். பையில் செல் வைத்த கடிகாரம் இல்லை. டிவிஹெட்எண்டே நேரத்தை வைக்குமா?

பதில்: வைக்கும். பொது அமைப்பில் நேரத்தைப் புதுப்பிக்கும் தேர்வு இருக்கிறது. அது இயங்கும் பயனருக்குக் கணினி நேரத்தை மாற்ற அனுமதி இருக்க வேண்டும், வழக்கமாக ரூட்டுக்குத்தான் அது உண்டு. இதை மறந்தால் தேர்வில் டிக் இருக்கும், வேலை நடக்காது. பக்கத்திலேயே எத்தனை மில்லிவினாடி விலகினால் திருத்த வேண்டும் என்ற கட்டமும் இருக்கும். அதை ஆயிரத்துக்குக் கீழே வைக்காதீர்கள், சிக்னலின் துல்லியமே அவ்வளவுதான். குறைத்தால் கடிகாரம் முன்னும் பின்னும் குதித்துக்கொண்டே இருக்கும்.

இணையமும் இருந்து என்டிபியும் ஓடினால் இரண்டில் ஒன்றை நிறுத்துங்கள். இரண்டு பேர் ஒரே கடிகாரத்தை இழுத்தால் பதிவு செய்யும் நேரங்கள் குழம்பும். டிவிஹெட்எண்டுக்கு என்டிபி டிரைவர் என்று இன்னொரு தேர்வும் உண்டு. அது நேரத்தை நேராக மாற்றாமல், பகிர்ந்த நினைவகம் வழியாக என்டிபிக்கோ க்ரோனிக்கோ தெரிவிக்கும், அவை மெதுவாகத் திருத்தும். எங்கள் தேர்வு இதுதான். இந்த முறையில் 0, 1 எண் நினைவகங்களை ரூட் மட்டுமே தொட முடியும், சாதாரணப் பயனருக்கு 2, 3. க்ரோனி அமைப்பில் எண்ணை மாற்றிக் கொடுத்தால் ஒன்றும் வராது.

பை தொடங்கும்போது கடைசியாக அணைத்த நேரத்தைக் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். முதல் நேரப் பொட்டலம் வரும்வரை அந்தப் பழைய நேரம்தான் ஓடும். நேரம் சார்ந்த வேலைகளை ஒரு நிமிடம் தாமதித்துத் தொடங்க வையுங்கள்.

கேள்வி (நியூ ஜெர்சி): அமெரிக்காவிலும் எண் 20-தானா?

பதில்: இல்லை. அங்கே ஏடிஎஸ்சி முறை. பொட்டல எண் 8187, அட்டவணை வகை 205, வினாடிக்கு ஒருமுறை வரும். 1980 ஜனவரி 6 தொடங்கி எண்ணிய ஜிபிஎஸ் வினாடிகள் அதில் இருக்கும். யூடிசியில் அவ்வப்போது கூட்டும் லீப் வினாடியை ஜிபிஎஸ் நேரத்தில் சேர்ப்பதில்லை என்பதால், கழிக்க வேண்டிய எண்ணும் கூடவே வரும். 2017 ஜனவரி 1 முதல் அது 18. யூனிக்ஸ் நேரம் வேண்டுமென்றால் வந்த எண்ணோடு 31,59,64,800 கூட்டி அந்த 18-ஐக் கழியுங்கள். உங்கள் கணினி சரியாக 18 வினாடி முன்னால் ஓடினால், கழிக்க மறந்திருக்கிறீர்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): டிஜிட்டல் வருவதற்கு முன் இப்படி ஒன்று இருந்ததா? பழைய அனலாக் டிவி கார்டு ஒன்று என்னிடம் இருக்கிறது.

பதில்: இருந்தது. ஐரோப்பாவில் டெலிடெக்ஸ்ட், படத்தில் தெரியாத மேல்வரிகளில் பயணித்தது. அதில் 8/30 என்ற பொட்டலம் தேதியையும் யூடிசி நேரத்தையும் தந்தது. தேதி அதே ஜூலியன் நாள் எண்தான். ஆனால் ஒவ்வோர் இலக்கத்தோடும் ஒன்றைக் கூட்டி அனுப்புவார்கள். 4-9-2-7-3 என்பது 5-10-3-8-4 என்று வரும். நேர விலகல் அரைமணி அலகில் குறிக்கப்பட்டது, நம் ஐந்தரை மணிக்கு 11. அமெரிக்காவில் 21-ஆம் வரியில், வசன எழுத்துகளோடு நேரமும் வந்தது. வீடியோ ரெக்கார்டர்கள் அதைப் படித்துத் தாமாக மணி வைத்துக்கொண்டன. அந்த வசன முறையே, டிவி வழியாக நேரம் அனுப்ப அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு 1970-களின் தொடக்கத்தில் செய்த முயற்சியிலிருந்து பிறந்தது.

உங்கள் கார்டுக்கு வேலை கொடுக்க, நேரத் தகவல் ஏற்றிய அனலாக் ஒளிபரப்பு வேண்டும். அது உங்களுக்குக் கிடைக்காதவரை கார்டில் படம் வரும், மணி வராது.

கேள்வி (தஞ்சாவூர்): இவ்வளவு எதற்கு? செய்திச் சேனலில் மூலையில் மணி ஓடுகிறதே, அதைப் பார்த்து வைத்தால் என்ன?

பதில்: அது படத்தின் பகுதி. படத்தைச் சுருக்க, மற்றச் சேனல்களோடு சேர்க்க, உங்கள் பாக்ஸ் விரிக்க என்று ஒவ்வொரு கட்டத்திலும் தாமதம் ஏறும், பல வினாடி ஆகிவிடும். பக்கத்து வீட்டு டிவியில் ஆறு போன பிறகு உங்கள் வீட்டில் பேட்ஸ்மேன் அடிப்பது இதனால்தான். இணைய நேரலை என்றால் இன்னும் மோசம். சுவர்க் கடிகாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், கணினிக்கு வேண்டாம்.

கேள்வி (ஈப்போ): 2038 பிரச்சினை இதையும் தொடுமா?

பதில்: தொடும், தனியாக. 32 பிட் யூனிக்ஸ் எண் 2038 ஜனவரி 19-இல் நிறைகிறது. டிவிபியின் 16 பிட் நாள் எண் 65,535-ஐத் தொடுவது அதே ஆண்டு ஏப்ரல் 22. மறுநாள் எண் 0 என்று சுழன்று வந்தால், திருத்தம் இல்லாத நிரல் 1858-க்குப் போய்விடும். மேலே ஈரோடு வாசகிக்குச் சொன்ன கணக்கில் ஒரே வரி சேர்த்தால் போதும்: வந்த நாள் எண் 40,587-க்குக் குறைவாக இருந்தால் 65,536 கூட்டு.